சூலூர்பேட்டை வண்டியில் போனால் ஒரு காடு

வியாசர்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 நவம்பர் 9

பறவை பார்க்கிறவர்களைக் கேட்டால் கிண்டி என்கிறார்கள், அடையாறு என்கிறார்கள், நன்மங்கலம், பள்ளிக்கரணை என்கிறார்கள். எல்லாம் தெற்கே. வடசென்னையில் இருக்கிறவனுக்கு மரத்தடியில் நடந்தபடி பறவை பார்க்க ஒரு இடமும் கிடையாது என்பது என் கட்சி. இருந்தால் சொல்லுங்கள். பழவேற்காடு என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது தண்ணீர், நான் கேட்பது காடு. எட்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கார் கிடையாது.

நவம்பர் 9, இரவு

நேலப்பட்டு.

நவம்பர் 10, காலை

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் எப்படி என்று கோபித்துக்கொண்டார்கள். சரி, விவரமாகவே சொல்கிறேன். நேலப்பட்டு என்பது சூலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிற ஒரு பறவைச் சரணாலயம்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷனில் சூலூர்பேட்டை மெமு ரயில் ஏறுங்கள். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு வண்டி வாசலுக்கே வருகிறது. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, அப்புறம் சூலூர்பேட்டை. அங்கே இறங்கி நாயுடுபேட்டை பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, ஹைவேயில் இறங்கி உள்ளே போகலாம். மூன்று பேராகப் போனால் ஆட்டோ பேசிவிடுவது நிம்மதி. நெல்லூர் பக்கம் தொடர்ந்து போகிற பாசஞ்சர் கிடைத்தால் தொரவாரி சத்திரத்திலேயே இறங்கலாம், கிட்டே. ஆனால் அந்த வண்டிகள் குறைச்சல், திரும்பி வருவதற்கு நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேலப்பட்டு 1976இல் சரணாலயம் ஆனது. மொத்தமே ஏறத்தாழ 459 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர் சொச்சம், ஆகவே அதைவிடப் பெரிது. ஆனாலும் காடு என்ற கணக்கில் சின்னதுதான். ஏரிக்குள் நீரில் நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள் ஒரு பகுதி. கரைக்கு வெளியே பாலை, காரை, களா, சூரை என்று கோடையிலும் இலை உதிர்க்காத குட்டைக் காடு இன்னொரு பகுதி. கேள்வி கேட்டவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது பகுதி. பையனுக்கு வேண்டியது முதல் பகுதி. கூழைக்கடா, அதாவது பெலிகன், அங்கேதான் கூடு கட்டுகிறது.

நவம்பர் 10, மாலை

“அது ஆந்திரா. வடசென்னை எங்கே வந்தது?” என்று ஒருவர். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது.

1953 அக்டோபர் வரை அதுவும் இதுவும் ஒரே சென்னை மாகாணம். அதை விடுங்கள். எல்லையைப் பறவை பார்க்கிறதா என்று வசனம் பேசவும் வரவில்லை. திருவொற்றியூரிலிருந்து வேடந்தாங்கல் போய் வருவதைவிட எனக்கு இது அலுப்பில்லாத பயணம்: ஒரே ரயில், நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம். தடா தாண்டியும் டீக்கடையில் தமிழ் செல்லும். பக்கத்து இடம் எது என்பதை ஸ்டேஷன்தான் முடிவு செய்கிறது, மாநிலம் அல்ல. இன்னும் ஒரு காரணமும் உண்டு, பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 16

நடப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ‘டிரெயில்’ என்று பலகை வைத்து அம்புக்குறி போட்ட பாதைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏரிக்கரை மேல் ஒரு நடை. காவல் கோபுரம். கரையிலிருந்து இறங்கினால் புதருக்குள் போகும் மண் தடங்கள், ஆடு மாடு போட்டவையும் வனத்துறை போட்டவையும் கலந்து. எது எது என்று காவலரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கூடு கட்டும் பருவத்தில் சில பக்கம் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

முதலில் மூக்குக்குத்தான் ஏரி வருகிறது. மீனும் எச்சமும் சேர்ந்த நாற்றம். பத்து நிமிடத்தில் பழகிவிடும், காசிமேட்டுக்காரர்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் வேண்டாம். பிறகு சத்தம். வளர்ந்த கூழைக்கடா ஏறக்குறைய ஊமை, கத்துவதெல்லாம் குஞ்சுகள். நீர்க்கடம்பின் மேல்கிளைகள் எச்சத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும், அதற்கு நடுவே சுள்ளிக் கூடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

இரை ஊட்டுவதைப் பார்க்க வேண்டும். தாய் வந்து இறங்கியதும் குஞ்சு அதன் அலகைப் பிடித்து இழுக்கிறது. தாய் வாயைத் திறக்கிறது. குஞ்சு தலையை உள்ளே விடுகிறது, கழுத்தை விடுகிறது, கடைசியில் தோள் வரைக்கும் தொண்டைப் பைக்குள் போய்விடுகிறது. வெளியே இரண்டு முளைக்காத சிறகுகள் மட்டும் அடித்துக்கொள்கின்றன. முதல் முறை பார்க்கிறவர்கள், ஐயோ விழுங்குகிறது என்று பதறுவார்கள். என் தங்கை கத்தியே விட்டாள்.

கூழைக்கடா போதும் என்று கோபுரத்திலிருந்து இறங்கிவிடாதீர்கள். நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, சிறிய நீர்க்காகம் எல்லாம் அதே மரங்களில் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. நத்தைகுத்தியின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும், மூடினாலும் மூடாது. பைனாகுலர் இல்லாமலே தெரியும்.

வெயில் ஏறுகிற நேரத்தில், ஒன்பதரை பத்துக்கு மேல், பெரிய பறவைகள் கிளம்பும். சிறகடித்துக் கஷ்டப்படாது, சூடான காற்றில் வட்டமடித்து ஏறி, உயரம் பிடித்ததும் பழவேற்காடு ஏரிப் பக்கம் அப்படியே சறுக்கிவிடும். மீன் பிடிப்பது அங்கே, பிள்ளை வளர்ப்பது இங்கே. ஆக, பழவேற்காடு வேண்டாம் என்றவரே, அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்தக் காட்டில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, இரவு

பைனாகுலர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். கடற்கரை ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில், பழையது. வலது கண்ணில் பூஞ்சை. எந்தப் பறவையைப் பார்த்தாலும் பனிக்காலத்தில் தெரியும். பையனுக்கு வாங்குவதாக இருந்தால் புதிதாக எட்டுக்கு நாற்பத்திரண்டு, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, வாங்குங்கள், என் வழிக்கு வராதீர்கள்.

நவம்பர் 23

நேலப்பட்டையும் வெள்ளைக்காரன்தான் காப்பாற்றினான், சாசனம் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது வேடந்தாங்கல் கதை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

வேடந்தாங்கலில் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்: ஏரியில் யாரும் சுடக்கூடாது. 1858இல் அதைப் புதுப்பித்தார்கள். 1936இல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது, 1962இல் வனச் சட்டத்துக்குள் வந்தது. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். (மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில், அடை மழையில் கரைமேல் வில்லோடு இரண்டு பேரைப் பார்த்ததாகச் சொல்லப்படும் துரையும் இதே பிளேஸ்தான். மனுஷனுக்கு ஏரி ராசி.)

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது துரை இல்லை, ஊர்க்காரர்கள் போன காரணம். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் வாங்க வேண்டாம். பறவை போனால் விளைச்சல் போகும். அதனால் போனார்கள். நேலப்பட்டில் வரப்பில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தபோது அவரும் அதையேதான் சொன்னார், தெலுங்கில். பக்கத்தில் இருந்தவர் தமிழ்ப்படுத்தினார். நாற்றத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. என்ன நாற்றம் என்றார்.

நவம்பர் 24

2020இல் நடந்ததை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார், சேர்த்துக்கொள்கிறேன்: வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலய எல்லை. அதை 3 ஆகச் சுருக்க ஒரு யோசனை வந்தது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது, கைவிட்டார்கள். 1798இல் கேட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

டிசம்பர் 1

ஃபெஞ்சல் மழை. எங்கும் போகவில்லை. தெருவில் தண்ணீர். போன வாரம் கிளம்புகிறேன் என்றவர்கள் இந்த வாரம் கிளம்பாதீர்கள்.

டிசம்பர் 8

எண்ணூர் பற்றி.

எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் வண்டி கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் ஏறும். அந்த ஒரு நிமிடத்துக்குப் போனை உள்ளே வையுங்கள். அலையாத்திச் செடிகள், சாம்பல் நாரை, கொக்கு, வாய்ப்பிருந்தால் கூழைக்கடா. அதே சட்டகத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் சாம்பல் குழாயும் உயர் அழுத்தக் கம்பிகளும். எதையும் வெட்டி எறிந்துவிட்டுப் பார்க்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்தக் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்கள் படகும் வலையும் கறுத்து நின்றார்கள். கூழைக்கடாக்கள் மார்பிலும் சிறகிலும் எண்ணெய் அப்பிக்கொண்டு அலைந்தன. வனத்துறை பிடித்துக் கழுவ முயன்றது. பறக்க முடிகிற பறவை கையில் சிக்காது, சிக்குகிற நிலைக்கு வந்த பறவை பெரும்பாலும் தேறாது. அது டிசம்பர், கூடு கட்டும் பருவம். அந்தப் பறவைகளில் எவையாவது நேலப்பட்டிலிருந்து வந்தவையா என்று என்னைக் கேட்டால், பறவைக் காலில் சீட்டு கட்டி வைத்திருக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்து நான் போனபோது கரையில் நின்று வெள்ளைச் சிறகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14

நவம்பரில் ‘இன்னும் ஒரு காரணம்’ என்று விட்டேனே, அது விறகு.

என் தாத்தா வண்ணாரப்பேட்டையில் ஒரு விறகுத் தொட்டியில் கணக்கு எழுதினார். மணங்கு என்கிற பழைய எடைக் கணக்கில் விறகு. கேஸ் வராத காலம். வீட்டுக்கு வீடு அடுப்பு, ஓட்டலுக்கு ஓட்டல் அடுப்பு. எங்கிருந்து வந்தது அவ்வளவு விறகு? ஒரு பெரிய பங்கு வடக்கிலிருந்து, பக்கிங்காம் கால்வாயில் படகேறி. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடு சென்னைக்கு அடுப்பெரித்த காடு.

கால்வாயின் முதல் துண்டே நம் பக்கம்தான்: காக்ரேன் என்பவர் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது. பிறகு அரசு எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டிக்கொண்டே போனது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கூழுக்கு மண் சுமந்தவர்கள் கையால் அடையாறும் கூவமும் இணைந்தன. அதற்குக் கவர்னர் பக்கிங்காம் பெயரை வைத்தார்கள். பேசின் பிரிட்ஜ் என்கிறோமே, அந்த பேசின் படகு நிற்கிற துறை. இன்று அந்தத் தண்ணீரைப் பார்த்தால் யாரும் படகை நம்ப மாட்டார்கள். என் ஆயா (பாட்டி) நம்புவாள், சவுக்குக் கட்டையை அவள் படகிலிருந்து இறக்கிப் பார்த்திருக்கிறாள்.

ஆக, அந்தப் பக்கத்துப் புதர்க்காடுகளுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்பது சரியில்லை. அவற்றில் ஒரு பகுதியைச் சாம்பாராகச் சாப்பிட்டிருக்கிறோம்.

டிசம்பர் 15

எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுதியது பொய்யில்லை, பாதிதான்.

ஸ்ரீஹரிகோட்டாவை 1969இல் ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் பறந்தது. வேலி வந்தது, வேட்டியும் கோடாலியும் உள்ளே போக முடியவில்லை, காடு நின்றது. கிழக்குக் கரையில் இந்த மாதிரிக் காட்டுக்கு இன்று அதுவே நல்ல மாதிரி என்கிறார்கள். சரி. ஆனால் அந்தத் தீவில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரும் வெளியே வந்தார்கள். அவர்களையும் வெட்டி விற்றவர்களையும் ஒரே வேலி ஒரே மாதிரி நிறுத்தியது. காடு தப்பித்தது என்று நான் சந்தோஷப்படும்போது இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேலப்பட்டில் வேலி குறைவு, வயல் பக்கத்திலேயே. ஏரித் தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், அதனால் மரமும் நிற்கிறது. இரண்டில் எது உறுதியான காவல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷம் பறவை கூடு கட்டாது, வேலி எத்தனை உயரமாக இருந்தாலும்.

டிசம்பர் 21

பேச்சு எங்கேயோ போய்விட்டது, நானும் போகிறேன். “வடசென்னைக்கு மரக்காடே இருந்ததில்லை” என்றாரே ஒருவர். சென்ட்ரல் பக்கத்தில் இருந்தது. பீப்பிள்ஸ் பார்க். 1859இல் கவர்னராக வந்த டிரெவெல்யன் காலத்தில் உருவானது, 116 ஏக்கர், குளங்கள் வேறு. எழும்பூர் மியூசியத்தில் பால்ஃபர் 1855இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை பிறகு அங்கே வந்தது. ஆயா அதை உயிர் காலேஜ் என்பாள், மியூசியம் செத்த காலேஜ்.

அப்புறம் விக்டோரியா ஹால் வந்தது, 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், கடைசியாக ஸ்டேடியம். ஒவ்வொன்றும் நல்ல காரணத்துக்கு ஒரு துண்டு கேட்டது. மிருகங்கள் 1985இல் வண்டலூருக்குப் போயின, அதாவது தெற்கே. அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்தது. மீதி இருப்பது மை லேடீஸ் பூங்கா. அங்கேயும் புள்ளி ஆந்தை இருக்கிறது, சாயந்திரம் போய்ப் பாருங்கள்.

2025 ஜனவரி 4

மனம் மாறிவிட்டது. முதலில் கோபுரம், பிறகு நடை என்ற வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வெளிச்சம் வந்ததும் புதர்க்காடு. வெயில் ஏறியதும் கோபுரம். கூழைக்கடா எங்கும் ஓடிப்போகாது. காட்டுப் பறவை எட்டரைக்கு மேல் வாயைத் திறக்காது.

போன வாரம் பாலை மரத்தடியில் காய்ந்த இலையைப் புரட்டும் சத்தம். தவிட்டுக்குருவிதான் என்று நடந்துவிட்டேன். இல்லை, சத்தம் ஒற்றையாக இருக்கிறதே, தவிட்டுக்குருவி கூட்டம் போடாமல் இருக்காதே என்று திரும்பி உட்கார்ந்தேன். ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, தோளில் ஒரு நீலத் துண்டு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. மூன்று தத்து தத்தும், நிற்கும், இலையை அலகால் புரட்டும், குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு நமக்குக் குளிர்காலத்துக்கு வருகிற பறவை. அக்டோபரில் களைத்துப்போய் சென்னை வீடுகளில் விழுகிறதே, அதேதான். கொளத்தூரில் தங்கை வீட்டு பால்கனியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு இரவில் கிளம்பிப்போனது. அங்கே துணிக்கொடிக்குக் கீழே பார்த்ததும் இங்கே இலைக்குள் பார்ப்பதும் ஒரே பறவை என்று மனசு ஒப்பவில்லை.

ஜனவரி 19

பூநாரை (ஃபிளமிங்கோ) திருவிழா, சூலூர்பேட்டையில் நேற்று தொடங்கியது, நாளை வரை. சில வருஷ இடைவெளிக்குப் பிறகு நடக்கிறது. மேடை, ஸ்பீக்கர், பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகள். ஊருக்கு நல்லதுதான், ஒரு பிள்ளையாவது பறவை பைத்தியம் ஆகும். நான் போகவில்லை. எனக்குக் கூட்டம் வேண்டுமென்றால் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெரு எம்.சி. ரோடு இருக்கிறது.

ஜனவரி 29

காலை 6.23க்கு ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட். மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். ராக்கெட் சத்தத்துக்குப் பறவை ஓடாதா என்கிறார் ஒருவர். அரை நூற்றாண்டாக அதே ஊரில் ராக்கெட்டும் பூநாரையும் இருக்கின்றன. என் கவலை தீபாவளி வெடியும் டிரோனும்தான். கூட்டுக்கு மேலே டிரோன் விடாதீர்கள். தாய் எழுந்துவிட்டால் வெயிலிலேயே குஞ்சு போய்விடும்.

பிப்ரவரி 10

வியாசர்பாடிக்காரர் பையனோடு போய்வந்து எழுதியிருக்கிறார். காடு பிடித்ததாம். பையனுக்குத்தான் ஏமாற்றம்: கூழைக்கடா மீன் பிடிப்பதைப் பார்க்கவில்லையாம். தம்பி, அதற்கு அப்பாவைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

மார்ச்சுக்கு மேல் போகிறவர்களுக்கு: குஞ்சுகள் பறந்திருக்கும், ஏரி வற்றத் தொடங்கியிருக்கும். கோடையில் நீர்க்கடம்பு பூக்கும், சிவப்புச் சரமாகத் தொங்கும். இரவில் விரிந்து விடிகிறபோது கொட்டிவிடும், ஆகவே முதல் வண்டிக்கே போனாலும் பூ தண்ணீரில்தான் கிடக்கும். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், திருப்பி எடுத்து வாருங்கள். கரையில் மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று பறவை பார்க்கிறவர்கள் சொல்வது பறவை மிரளும் என்பதற்காக. நான் சொல்வது கறுப்புச் சட்டையும் வேண்டாம் என்று, துவைக்கிறவர்களுக்காக.